கடகமும் கணக்கும்

அண்மையில் ஒரு கைப்பணிக் கண்காட்சிக்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். பாடசாலை மண்டபமொன்றிலே நடைபெற்ற அந்நிகழ்ச்சியில், பன்னவேலைப் பயிற்சியை முடித்த பெண்கள் சிலருக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது. வாசலிலே நிறைகுடம், மேடையிலே குத்துவிளக்கு, சுவரோரமாக நீண்ட மேசைகளின்மேல் கடகம், நீத்துப்பெட்டி, மூடுபெட்டி, சுளகு, விசிறி, கைப்பை எனப் பனையோலைப் பொருட்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பிரதம விருந்தினராக வந்த பெரியவர் உணர்ச்சி ததும்பப் பேசினார். அரசாங்கத்திடம் வேலை கேட்டு நிற்க வேண்டியதில்லை என்றார். ஓலையும் கையும் இருந்தாற் போதும், வீட்டிலிருந்தபடியே உழைக்கலாம் என்றார். "இன்று முதல் நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு முதலாளி" என்று முடித்தார். மண்டபம் கைதட்டியது. நாமும் கைதட்டினோம்.

அந்தக் கைதட்டலுக்காக வெட்கப்பட்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மேசையிலிருந்த ஒவ்வொரு பொருளிலும் ஒரு சிறு சீட்டுக் கட்டப்பட்டிருந்தது. அதிலே விலை எழுதப்பட்டிருந்தது. அப்பொருளை இழைத்தவளுக்கு எத்தனை மணிநேரம் சென்றது, அந்நேரத்துக்கு அவள் பெற்றது எவ்வளவு என்பன எங்கும் எழுதப்படவில்லை. கேட்பாரும் இல்லை. பிஸ்கற் பைக்கற்றிலே நிறையும் காலாவதித் திகதியும் பொறிக்கப்பட வேண்டுமென்று சட்டம் செய்துள்ள நாட்டிலே, ஒரு பெண்ணின் உழைப்புக்காலத்தை எழுத வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. எமது வாதம் முழுவதும் அச்சீட்டின் எழுதப்படாத மறுபக்கத்தைப் பற்றியதாகும்.

சான்றிதழ் பெற்றவர்களுள் ஒருவர், எம்மிடம் உயர்தர வகுப்பிலே படிக்கும் மாணவியொருத்தியின் தாயார். அம்மாணவி முதற்பாடத்திலேயே கண்ணயர்பவள். காரணம் வினவியபோது, "இரவு அம்மாவுக்கு ஓலை வார்ந்து குடுக்கிறனான், சேர்" என்றாள். ஒரு சனிக்கிழமை அவர்களுடைய வீட்டுக்குச் சென்றோம். தாயார் கணவரை 2009 இல் இழந்தவர். திண்ணையிலே கால் நீட்டி அமர்ந்து கைப்பை ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தார். நாம் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவருடைய விரல்கள் ஓயவில்லை.

பன்னவேலை என்றால் இழைப்பு மட்டுமே என்று எண்ணுவோர் பலர். இழைப்புக்கு முன்னரே பாதி வேலை முடிந்திருக்கும். சார்வோலை வெட்டுவதற்கு மரமேறத் தெரிந்தவர் வேண்டும்; அத்தகையோர் இன்று அருகிவிட்டனர்; கிடைத்தால் அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். போரிலே அழிந்த பனைகளுக்கு ஈடாக நடப்பட்டவை ஓலை தருவதற்குப் பல்லாண்டு செல்லும். வெட்டிய ஓலையை வெயிலிலே காயவிட்டு, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து, சாயத்தண்ணீரிலே அவித்து, நிழலிலே உலர்த்தி, சுருட்டி வைக்க வேண்டும். ஓலை முறுகினால் ஒடிந்துவிடும். ஆதலால் ஈரப்பதமுள்ள இரவும் விடியற்புறமுமே இழைப்புக்கு உகந்த வேளை. உலகம் உறங்கும் நேரமே அவருடைய வேலைநேரம்.

நாம் கொப்பியொன்றை எடுத்துக் கணக்குப் போட்டோம். அப்பையொன்றுக்கான ஓலை, சாயம், உட்துணி, பிடி ஆகியவற்றின் செலவு 250 ரூபா. தொடக்கம் முதல் விளிம்பு கட்டி முடிக்கும்வரை அவருடைய உழைப்பு 11 மணிநேரம். வீட்டுக்கு வந்து பொருளை எடுத்துச்செல்லும் வியாபாரி கொடுப்பது 900 ரூபா. மிஞ்சுவது 650. அதாவது மணிநேரமொன்றுக்கு 59 ரூபா. மகள் ஓலை வார்ந்த மூன்று மணிநேரத்தையும் சேர்த்தால் 46 ரூபா. இது ஒரு வீட்டின் கணக்கேயன்றி நாடு முழுவதற்குமான புள்ளிவிபரமன்று. ஆனால் வாசகர் தமது அயலிலுள்ள எந்த வீட்டுக்கும் சென்று இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இலங்கையின் தேசிய குறைந்தபட்ச நாள்வேதனம் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் 400 ரூபாவென விதிக்கப்பட்டு, 2025 ஏப்ரலில் 1,080 ரூபாவாக உயர்த்தப்பட்டது. எட்டு மணிநேரத்தாற் பிரித்தால் மணிநேரத்துக்கு 135 ரூபா. அத்தொகையில் ஒரு குடும்பம் மானத்தோடு வாழ முடியுமா என்பது வேறொரு விவாதம். எமது மாணவியின் தாயாருக்குக் கிடைப்பது அதிற் பாதியுமில்லை. அதே வகைப் பையொன்று கொழும்பிலே ஒரு கடையின் கண்ணாடி அலுமாரியில் 2,400 ரூபா விலைச்சீட்டோடு இருந்ததைச் சில வாரங்களின் பின்னர் கண்டோம்.

கணக்கை அவரிடம் காட்டத் தொடங்கியபோது அவர் சிரித்தார். "சும்மா இருக்கிற நேரத்திலை செய்யிறதுதானே, சேர். இதுக்கென்ன கணக்கு?" என்றார். முடிவைக் காட்டியபோது சிரிப்பு நின்றது. கைகளும் நின்றன. "அப்ப நான் ஆருக்கு உழைக்கிறன்?" என்று கேட்டார்.

ஒரு வகுப்பறையிலே பல ஆண்டுகள் நின்று கற்பித்தும், இவ்வளவு செவ்வையான பொருளாதார வினாவை நாம் கேட்டதில்லை.

"சும்மா இருக்கிற நேரம்" என்னும் தொடரை முதலிலே ஆராய்தல் வேண்டும். விடியப் புறப்பட்டுத் தண்ணீர் அள்ளி, சமைத்து, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி, தோட்டத்துக்குக் கூலி வேலைக்கும் சென்று திரும்பி, இரவு பத்து மணிக்கு விளக்கடியிலே அமரும் ஒருத்திக்குச் சும்மா இருக்கும் நேரம் எங்கிருந்து வந்தது? அவள் உறக்கத்திலிருந்து அறுத்தெடுத்த நேரத்துக்கே அப்பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பெயர் சூட்டியவர்களுக்கு அதனால் இலாபமுண்டு. சும்மா இருக்கும் நேரத்திலே செய்யப்படுவது வேலையன்று. வேலையல்லாததற்குக் கூலி கேட்க முடியாது. கிடைப்பதெல்லாம் மேலதிக வருமானம், ஒரு தயவு! ஒரு சொல்லை மாற்றுவதன் மூலம் ஒரு வர்க்கத்தின் கூலியையே மறைத்துவிடலாம் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டில்லை.

ஆந்திரத்தின் நர்சாப்பூர்ப் பகுதியில் வீடுகளிலே லேஸ் பின்னும் பெண்களை ஆராய்ந்த மரியா மீஸ், 1982 இல் வெளியிட்ட நூலிலே இதே தந்திரத்தை அம்பலப்படுத்தினார். பாதிரிமார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அறிமுகம் செய்த அத்தொழில் பிற்காலத்திலே பெரும் ஏற்றுமதி வாணிபமாக வளர்ந்தது. ஐரோப்பிய வீடுகளின் மேசைகளை அப்பெண்களின் லேஸ் அலங்கரித்தது. எனினும் அவர்கள் தொழிலாளராகக் கருதப்படவில்லை. ஓய்வுநேரத்தைப் பயனுள்ள வகையிற் கழிக்கும் இல்லத்தரசிகளாகவே எல்லோராலும், தம்மாலுங்கூட, கருதப்பட்டனர். உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்பவளை 'வீட்டிலிருப்பவள்' என்று அழைத்தமையே அத்தொழிலின் இலாப இரகசியமாக இருந்தது.

"இன்று முதல் நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு முதலாளி" என்ற வாக்கியத்துக்கு இனி வருவோம். முதலாளி என்பவன் யார்? பிறர் உழைப்பை விலைக்கு வாங்கி அதன் பயனைத் தனதாக்கிக் கொள்பவன். எமது மாணவியின் தாயார் எவருடைய உழைப்பை வாங்கினார்? தம்முடைய உழைப்பையும் மகளின் உறக்கத்தையுமன்றி அவரிடம் வேறொன்றுமில்லை. என்ன அளவில், என்ன நிறத்தில், எத்தனை பை என்பதைத் தீர்மானிப்பவர் வியாபாரி. விலையைச் சொல்பவரும் அவரே. ஒரு மடிப்புப் பிசகினாற் பொருளைத் தள்ளிவிடுபவரும் அவரே. கூலியைத் துண்டுக் கணக்கிலே பெறும் தொழிலாளிக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான்: தொழிலாளிக்குத் தொழிற்சாலை கூரையைக் கொடுக்கிறது; இவர் கூரையையும் தாமே கொண்டு வருகிறார். விளக்கும், கத்தியும், சாயச்சட்டியும், மூலப்பொருளும், விற்காத பொருளின் நட்டமும், வளைந்த முதுகின் வைத்தியச் செலவும் இவருடையவை. முதலிடாமலே இலாபம் பெறும் வழியொன்றை வியாபாரத் தரகு கண்டுபிடித்துள்ளது. அதற்கு 'சுயதொழில்' என்று அழகிய பெயரும் கிடைத்துவிட்டது.

இது புதிய தந்திரமுமன்று. 1867 இல் வெளியான 'மூலதனம்' முதற்பாகத்திலே, இயந்திரத் தொழில் பற்றிய அத்தியாயத்தில், இங்கிலாந்தின் குடிசைகளிலே லேஸ் பின்னியோரையும் வைக்கோற் பின்னல் செய்தோரையும் பற்றி மார்க்ஸ் விரிவாக எழுதியுள்ளார். நான்கு வயதளவிலேயே குழந்தைகள் 'பின்னற் பள்ளிகள்' எனப்பட்ட குடிசைகளிலே அடைக்கப்பட்டதை அரசாங்க அறிக்கைகளைக் கொண்டே காட்டினார். தொழிற்சாலை தோன்றியபின் வீட்டுத்தொழில் பழைய வீட்டுத்தொழிலாக இருப்பதில்லை; அது தொழிற்சாலைக்கும் பண்டசாலைக்கும் வெளிவாசற் பகுதியாக மாறிவிடுகிறது என்பது அவருடைய முடிவு. சட்டமும் சங்கமும் எட்டாத அவ்வெளிவாசலிலேதான் சுரண்டல் மிகக் கொடுமையாக நிகழும். வைக்கோலுக்குப் பதிலாகப் பனையோலையை வைத்துக்கொண்டு அப்பக்கங்களைப் படிக்குமாறு மாணவ நண்பர்களை வேண்டுகிறோம்.

கண்காட்சி என்று சொன்னோம். இன்னொரு கண்காட்சியும் இவ்வுலகிலே நடந்ததுண்டு. 1906 இல் இலண்டன் மாநகரிலே, 'டெயிலி நியூஸ்' பத்திரிகையின் முயற்சியால், கசக்கிப் பிழியப்படும் தொழில்களின் கண்காட்சி ஒன்று நடத்தப்பட்டது. அங்கே பொருட்கள் மட்டும் வைக்கப்படவில்லை. அவற்றைத் தம் வீடுகளிலே செய்யும் தொழிலாளர்களே வந்து அமர்ந்து வேலை செய்து காட்டினர். தீப்பெட்டி ஒட்டுவோர், சட்டை தைப்போர், செயற்கைப் பூச்செய்வோர் முதலியோரின் கூலியும் வேலைநேரமும் பார்வையாளருக்கு விளக்கப்பட்டன. தமது சட்டையிலும் தொப்பியிலும் யாருடைய இரவுகள் தைக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கனவான்களும் சீமாட்டிகளும் நேரிலே கண்டனர். அதனால் எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1909 இல் தொழிற்சபைச் சட்டம் நிறைவேறியது. நான்கு தொழில்களுக்குக் குறைந்தபட்சக் கூலி விதிக்க அது வழிசெய்தது.

சட்டம் தானாக நடைமுறைக்கு வந்துவிடவில்லை. அந்நான்கினுள் ஒன்று சங்கிலி செய்யும் தொழில். கிறேட்லி ஹீத் என்னும் ஊரிலே பெண்கள் வீட்டுக் கொல்லையிற் சிறு உலை வைத்து இரும்புச் சங்கிலி அடித்து வந்தனர். விதிக்கப்பட்ட கூலியைக் கொடுக்க முதலாளிமார் பின்னின்றபோது, 1910 இல் மேரி மக்காதரின் தலைமையில் அப்பெண்கள் பத்து வாரங்கள் போராடினர், வென்றனர், அவர்களுடைய கூலி ஏறத்தாழ இருமடங்காகியது. போராட்ட நிதியிலே எஞ்சிய பணத்தைக்கொண்டு அவ்வூரிலே தொழிலாளர் மண்டபமொன்றையும் எழுப்பினர். தனித்தனிக் கொல்லைகளிலே உலையருகே குழந்தையைக் கிடத்திவிட்டுச் சம்மட்டி பிடித்த பெண்கள் ஒன்றுசேர முடியுமாயின், ஓலை பிடித்த கைகள் ஒன்றுசேர முடியாதென்று எவர் சொல்லலாம்?

இலண்டனிலே நடந்தது கூலியைக் காட்டிய கண்காட்சி. எமது ஊர்களிலே நடப்பவை கூலியை மறைக்கும் கண்காட்சிகள். இவற்றிலே பொருளின் அழகு முன்னே நிறுத்தப்படும். அவ்வழகின் நிழலிலே செய்தவள் மறைந்துவிடுவாள்.

இந்த மறைப்பிலே எம் போன்ற தமிழ் படித்தோருக்கும் பங்குண்டு. நற்றிணையிலே ஓர் உவமை வருகிறது. ஆண்துணையற்ற பெண்கள் முயன்று நூற்ற நுண்ணிய நூலைப் போல மலைமேல் முகில் தவழ்கிறது என்கிறார் கபிலர். பல்கலைக்கழகத்திலே அவ்வுவமையின் நயத்தை நாம் வியந்து எழுதினோம், புள்ளிகளும் பெற்றோம். துணையற்ற பெண் ஏன் நூற்றாள், அந்நூலுக்கு அவளுக்கு என்ன கிடைத்தது என்று எவரும் வினவவில்லை, நாமும் வினவவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளின் பின்னரும் வன்னியிலும் வடமராட்சியிலும் துணையிழந்த பெண்கள் விளக்கடியிலே அமர்ந்திருக்கிறார்கள். நாம் இன்னும் முகிலையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் ஆனந்த குமாரசுவாமியைத் துணைக்கழைப்பது வழக்கம். 1908 இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூலை மதிக்காதோர் இலர். ஆனால் அந்நூலை மேற்கோள் காட்டுவோர், கண்டி இராச்சியத்துக் கைவினைஞர் தமது சேவைக்குப் பிரதியாக நிலம் பெற்றிருந்தனர் என்று அவர் விளக்கியிருப்பதை மறந்துவிடுகின்றனர். அம்முறை நிலப்பிரபுத்துவக் கட்டுகள் நிறைந்தது. அதனை மீட்டெடுக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. கலைஞனுக்கு அரிசி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அச்சமுதாயத்திடம் ஒரு விடை இருந்தது என்பதையே சுட்டுகிறோம். இன்றைய கலாரசிகரிடம் அவ்விடை இல்லை. சான்றிதழ் மட்டுமே உண்டு.

கைத்தொழிலை ஆன்மீகமாக உயர்த்திய காந்தியடிகளே இக்கேள்வியிலிருந்து தப்பவில்லை. 1927 இல் கதர் நிதி திரட்ட அவர் இலங்கைக்கு வந்தபோது யாழ்ப்பாணத்தாரும் நிதி வழங்கினர். கதரை மலிவாக விற்பதற்காக நூற்போரின் கூலி மிகத் தாழ்ந்திருந்தமையை அவர் பின்னர் உணர்ந்தார். நூற்போருக்கு வாழ்க்கைக்குப் போதுமான கூலி கொடுக்கப்பட வேண்டுமென 1935 இல் வற்புறுத்தினார். விலை ஏறினால் விற்பனை குறையுமே என்ற எதிர்ப்பு அன்றும் எழுந்தது. பட்டினிக் கூலியிலே நிற்கும் புனிதம் புனிதமாகாது என்பதை அவரே ஒப்புக்கொண்டபின், அவர் பெயரைச் சொல்லிச் சுயதொழில் உபதேசம் புரிவோர் அவருக்கும் முந்திய காலத்திலேயே நின்றுவிட்டனர் எனலாம்.

இனி எமக்கு எதிராகக் கூறப்படும் நியாயங்களை நோக்குவோம்.

ஒன்றுமில்லாததிலும் இது மேலல்லவா என்பது முதலாவது. பசித்தவளுக்குக் கிடைக்கும் 650 ரூபாவை நாம் தட்டிப்பறிக்கவில்லை. அந்த 650 ரூபா 1,500 ஆக வேண்டுமென்று கேட்கிறோம். "ஒன்றுமில்லாததிலும் மேல்" என்னும் வாதம் தோட்டத் தொழிலாளிக்கும் சொல்லப்பட்டது; எட்டு மணிநேர வேலைநாளைக் கேட்டவர்களுக்கும் சொல்லப்பட்டது. அதனைக் கேட்டு வாய்மூடியிருந்தால் இன்று இந்த நாட்டிலே சேமலாப நிதியும் இல்லை, பிரசவ விடுமுறையும் இல்லை.

வீட்டிலிருந்து உழைப்பதிலே சுதந்திரம் உண்டு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது இரண்டாவது. இதிலே ஓரளவு உண்மையுண்டு. பல பெண்கள் இதனை உளமாரக் கூறக் கேட்டிருக்கிறோம். ஆனால் கிராமத்திலே குழந்தைகள் பராமரிப்பு நிலையம் இல்லாமையும், மாலையிலே பஸ் இல்லாமையும், வெளியிலே வேலைக்குப் போகும் பெண்ணைப் பற்றி ஊர் பேசும் பேச்சும் சேர்ந்து அவளை வீட்டிலே இருத்தியுள்ளன. எல்லா வாசல்களையும் அடைத்துவிட்டு, எஞ்சிய வாசலாற் போவதை அவளுடைய தெரிவென்று போற்றுவது எவ்வகை நியாயம்?

விலையை ஏற்றினால் பிளாஸ்ரிக் வென்றுவிடும் என்பது மூன்றாவது. பிளாஸ்ரிக் ஏற்கெனவே வென்றுவிட்டது. அடுக்களையிலே கடகத்தின் இடத்தை அது பிடித்துப் பல ஆண்டுகளாகின்றன. இன்று பனையோலைப் பொருளை வாங்குவோரிற் பெரும்பகுதியினர் மலிவுக்காக வாங்குபவரல்லர். சுற்றுலாப் பயணிகளும், புலம்பெயர்ந்த உறவினரும், சூழலைப் பேணுவதாகப் பெருமைகொள்ளும் நகரத்தவருமே. அவர்கள் ஏற்கெனவே 2,400 ரூபா கொடுக்கிறார்கள். அவ்விலை இடைவழியிலே எவ்வெவருக்குப் பங்கிடப்படுகிறது என்பதே எமது வழக்கு.

நான்காவது வாதம் எமது சொந்த முகாமிலிருந்து வருகிறது. கைத்தொழில் என்பது கழிந்த காலத்தின் எச்சம். அது அழிவது வரலாற்று நியதி. தொழிற்சாலை வரட்டும், அதன்பின் தொழிலாளரைத் திரட்டலாம் எனச் சில முற்போக்கு நண்பர்கள் கூறுகின்றனர். வரலாற்று நியதியை எதிர்பார்த்து ஒருத்தி எத்தனை இரவு விழித்திருக்க முடியும்? அன்றியும், வீட்டுவேலை எச்சமாக இருப்பின் அது குறைந்திருக்க வேண்டும். அது மறைவதற்குப் பதிலாக ஆடைக்கும் பீடிக்கும் ஊதுபத்திக்கும் பொம்மைக்கும் பரவியுள்ளது. தொழிற்சாலை மதிலுக்குள் வராதவளைத் தொழிலாளி என ஏற்க மறுப்பது மார்க்சியமன்று. ஆண்களின் பழைய பழக்கமே. மரமேறுவோரையும் ஓலை இழைப்போரையும் தாழ்ந்தோரெனத் தள்ளிவைத்த சாதிப்புத்தியின் சாயலும் அதிலே படிந்திருக்கக்கூடுமென அஞ்சுகிறோம்.

இவ்வுபதேசத்தினால் விளைந்த தீங்கும் சிறிதன்று. நீயே முதலாளி என்று சொல்லப்பட்டவளுக்கு முதல் வேண்டுமல்லவா? போரின் பின்னர் அம்முதல் நுண்கடனாக வீட்டுவாசலுக்கு வந்தது. வாரந்தோறும் தவணை, தவறினால் முற்றத்திலே வசைமொழி. மணிநேரத்துக்கு 59 ரூபா உழைப்பவள் அவ்வட்டியை எதிலிருந்து கட்டுவாள்? ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் பெறப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் உயிர்கள் போயின. நிலைமை முற்றியபின், வரட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிலே பெண்கள் பெற்றிருந்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது. 2021 இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையிலே சிங்களப் பெண்கள் இதே கடன்களுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தனர். தென்கரையோரத்திலே பீரளு லேஸ் பின்னுபவளும், கயிறு திரிப்பவளும், கிழக்கிலே பன்பாய் இழைப்பவளும், வடக்கிலே பெட்டி இழைப்பவளும் ஒரே கணக்கிலேதான் நட்டப்படுகின்றனர். மொழியாற் பிரிந்திருக்கும் இவர்களைக் கடன்காரன் பிரித்துப் பார்ப்பதில்லை.

அவ்வாறாயின் செய்ய வேண்டியது யாது? நல்ல பெயர்களையும் பாராட்டுரைகளையும் அவர்களுக்கு வழங்கியது போதும். தொழிலாளி என்ற பெயரையும் அதற்குரிய உரிமையையும் வழங்குவோம்.

இதற்கான கருவிகள் பல எம்மிடமே உள்ளன. 1941 ஆம் ஆண்டு 27 ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டம் துண்டுக்கூலிக்கும் குறைந்தபட்ச வீதம் விதிக்க இடமளிக்கிறது. கைப்பணித் தொழிலுக்கு அதனை விரித்து, ஒரு கடகத்துக்கு, ஒரு பாய்க்கு, ஒரு பைக்கு இவ்வளவெனக் கூலி விதிக்குமாறு கேட்பது புரட்சிக் கோரிக்கையுமன்று. சட்டப் புத்தகத்திலுள்ள ஒரு கதவைத் திறக்கும் கோரிக்கையே. சர்வதேச தொழில் தாபனம் 1996 இல் நிறைவேற்றிய 177 ஆம் இலக்க உடன்படிக்கை, வீட்டிலிருந்து வேலை செய்வோர் ஏனைய கூலித்தொழிலாளருக்குச் சமமாக நடத்தப்பட வேண்டும் என்கிறது. கூலி, சமூகப் பாதுகாப்பு, தாய்மைப் பாதுகாப்பு, சங்கம் அமைக்கும் உரிமை அனைத்தும் அதிலே அடங்கும். அதனை ஏற்று உறுதிசெய்த நாடுகளின் வரிசையிலே இலங்கை இல்லை. இதற்காக ஓர் ஊர்வலமேனும் நாம் நடத்தியதுண்டா?

முதலாளி யாரென்று தெரியாதபோது சங்கம் எவ்வாறு அமைப்பது என்று கேட்கலாம். 1972 இல் அகமதாபாத்திலே இலா பட் முதலியோர் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கத்தைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யச் சென்றபோது அதிகாரிகளும் இதையே கேட்டனர். யாரையும் எதிர்ப்பதற்கு முன்னர் தாம் ஒன்றுசேர்வதற்கே சங்கம் வேண்டும் என்பது அப்பெண்களின் விடையாக இருந்தது. சங்கம் பதிவாகியது; இலட்சக்கணக்கான உறுப்பினர்களாக வளர்ந்தது. எமது மண்ணிலேயே முன்மாதிரியுண்டு. தவறணைக் குத்தகைகாரரின் பிடியிலே கிடந்த கள்ளிறக்கும் தொழிலாளர், 1970களிலே அமைந்த கூட்டுறவுச் சங்கங்களின் மூலம் தாம் இறக்கிய கள்ளுக்குத் தாமே விலைபேசும் நிலைக்கு உயர்ந்தனர். அச்சங்கங்களிற் குறைகள் இல்லாமலில்லை. ஆயினும் மரத்தின் உச்சியிலே நின்றவன் முதன்முறையாகக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தான். அதே மரத்தின் ஓலையிலே வாழ்பவள் மட்டும் ஏன் தனித்து விடப்பட வேண்டும்? ஓலையையும் சாயத்தையும் கூட்டாக வாங்கவும், பொருளைக் கூட்டாக விற்கவும், வியாபாரியின் விலையை ஒரே குரலில் மறுக்கவும் ஊர்தோறும் ஒரு சங்கம் வேண்டும்.

இவற்றையெல்லாம் அரசாங்கம் செய்யட்டும் என்று ஆசிரியராகிய நாம் ஒதுங்கிவிட முடியாது. நாம் இன்றே தொடங்கக்கூடிய காரியமொன்றுண்டு. பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் கைப்பணிக் கண்காட்சிகளை ஒழுங்கு செய்வோர் பெரும்பாலும் எம்மவர்களே. இனிமேல் வைக்கப்படும் ஒவ்வொரு பொருளின் சீட்டிலும் விலையின் மறுபக்கத்திலே மூன்று வரிகள் எழுதப்பட வேண்டுமென நாம் வற்புறுத்துவோம்: மூலப்பொருட் செலவு எவ்வளவு, உழைத்த நேரம் எத்தனை மணி, உழைத்தவர் கைக்கு வந்தது எவ்வளவு. மாணவரே வீடுவீடாகச் சென்று இக்கணக்கை எழுதட்டும். கணித பாடமும் பொருளியற் பாடமும் சமூகக் கல்வியும் அம்மூன்று வரிகளிலே ஒன்றாக வந்துசேரும். இலண்டனிலே 1906 இல் செய்யப்பட்டதை எமது ஊரிலே ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு செய்யலாம்.

கடைசியாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கண்காட்சி முடிந்து வெளியேறும்போது நாமும் ஒரு கடகம் வாங்கினோம். சீட்டிலே 700 ரூபா என்றிருந்தது. வழக்கப்படி பேரம் பேசினோம். 600 ரூபாவுக்குப் பெற்றோம். வீட்டிலே அதனைச் சாமர்த்தியமாகவும் சொல்லிக்கொண்டோம். அந்த நூறு ரூபா எவருடைய இரவிலிருந்து கழிக்கப்பட்டது என்பது இப்போது தெரிகிறது. கடகம் எமது மேசையருகே இருக்கிறது. மாணவரின் கொப்பிகளை அதிலேதான் அடுக்குகிறோம். அதன் சீட்டை இன்னும் கழற்றவில்லை. மறுபக்கம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அதனை இழைத்தவரைத் தேடிச் செல்ல இருக்கிறோம். முதலிலே நூறு ரூபாவைக் கொடுப்பதற்கு, பின்னர் கணக்கெழுதுவதற்கு. எம்மோடு வருவதற்கு எத்தனை ஆசிரியர்கள் ஆயத்தமாயிருக்கிறார்கள்?